மின்கலமும் நம் இல்லமும்

(கோல சிலாங்கூர், வட சிலாங்கூர் வட்டாரத் தோட்ட மக்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பின்னர் தகவல் பணிக்கு வந்தவன் நான். ஆகவே, பழைய வழக்கப்படி ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். உங்கள் வீட்டில் மொத்தம் எத்தனை மின்கலங்கள் இருக்கின்றன? ஒன்று அல்லது இரண்டு என்று பலர் எண்ணக்கூடும். கொஞ்சம் பொறுத்து எண்ணிப் பாருங்கள். கைத்தொலைபேசி ஒவ்வொன்றிலும் ஒன்று. மோட்டார் சைக்கிளில் ஒன்று. விடியுமுன் வேலைக்குப் புறப்படுபவரின் நெற்றி விளக்கில் ஒன்று. மருந்து தெளிக்கும் பம்பில் ஒன்று. வாசலில் மாட்டிய சூரிய ஒளி விளக்கில் ஒன்று. பவர் பேங்க்கில் ஒன்று. பிள்ளைகளின் விளையாட்டுக் காரில் ஒன்று. ஐந்து பேர் வாழும் சிறு குடும்பத்திலும் பத்துக்குக் குறையாத மின்கலங்கள் இருப்பதைக் காண்பீர்கள்.

இவையெல்லாம் நாம் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கியவை. முறையாகப் பேணினால் பல ஆண்டுகள் உழைக்கும். முறை தவறினால் சில மாதங்களில் கெட்டுவிடும். அதனினும் கொடியது, தீயையும் நஞ்சையும் வீட்டிற்குள் கொண்டுவந்து சேர்க்கும். பழைய லயங்களில் பலகைச் சுவர் ஒன்றே இரு குடும்பங்களைப் பிரிக்கிறது. அங்கே ஒரு வீட்டில் பற்றும் தீ அந்த வீட்டோடு நிற்பதில்லை. எனவே, இன்றைய பேச்சு பொருளைச் சிக்கனப்படுத்துவதைப் பற்றியது மட்டுமன்று. உயிரைக் காப்பதைப் பற்றியதும் ஆகும்.

நம் வட்டாரமும் மின்சாரமும்

மலாயா நாட்டின் மின்சார வரலாறு நம் வட்டாரத்திற்கு அருகில் தொடங்கியது என்பதை இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். 1894ஆம் ஆண்டில் ரவாங்கில் இருந்த வெள்ளீயச் சுரங்கத்தில் மின்னாக்கி ஒன்று நிறுவப்பட்டது. அதனை நிறுவியவர்கள் இருவர். ஒருவர் சீனச் செல்வர் லோக் இயூ. மற்றவர் நம்மவரான தம்புசாமிப் பிள்ளை. சுரங்கத்து நீரை இறைக்கவே அந்த மின்சாரம் முதலில் பயன்பட்டது.

ஆயினும் ரவாங்கில் பிறந்த மின்சாரம் தோட்டத்து லயங்களுக்கு வந்து சேர நெடுங்காலம் பிடித்தது. கோல சிலாங்கூர், ஈஜோக், ஜெராம், பத்தாங் பெர்ஜுந்தை, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம், உலு சிலாங்கூர் ஆகிய பகுதிகளின் தோட்டங்களில் வளர்ந்த மூத்தோர் இதனை நன்கு அறிவர். தோட்டத்து ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம் ஓடும், பின்னர் நின்றுவிடும். அதன் பின் மண்ணெண்ணெய் விளக்குதான். 1963ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நம் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது. மின்சாரம் எட்டாத லயங்களில் அதனைக் காண மக்கள் ஒரு வழி கண்டனர். கார் பேட்டரி ஒன்றை வாங்கிச் சிறிய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்தனர். பேட்டரி தீர்ந்ததும் மிதிவண்டியின் பின்னே கட்டிப் பட்டணத்துக் கடைக்குக் கொண்டுசென்று சார்ஜ் ஏற்றி வந்தனர்.

காலம் மாறியது. 1990ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிலாளர் வீடமைப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம், தோட்டத்து வீடுகளில் குடிநீரும் மின்சாரமும் இருக்க வேண்டும் என்று விதித்தது. அதே ஆண்டில் தேசிய மின்சார வாரியம் தெனாகா நேஷனல் நிறுவனமாக மாறியது. பத்தாங் பெர்ஜுந்தையும் 2007இல் பெஸ்தாரி ஜெயா என்னும் பெயர் பெற்றது. பால்மரம் குறைந்து செம்பனை பெருகியது. தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தோரும் பலர். இவ்வளவு மாற்றத்திற்குப் பின்னும் மின்கலம் நம்மை விட்டுப் போகவில்லை. முன்பு லயத்திற்கு ஒன்றோ இரண்டோ இருந்தது. இன்று ஆளுக்கு இரண்டு மூன்று இருக்கிறது.

மின்கலம் என்பது யாது?

மின்கலத்தினுள் மின்சாரம் நீர்போல் நிரம்பியிருக்கிறது என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் உள்ளே இருப்பது இரசாயனப் பொருள்களே. சார்ஜ் ஏற்றும்போது மின்சாரம் அப்பொருள்களை ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாற்றுகிறது. பயன்படுத்தும்போது அவை பழைய நிலைக்குத் திரும்புகின்றன; திரும்பும்போது மின்சாரத்தைத் தருகின்றன. கீழே உள்ள நீரைப் பம்பு வைத்து மேல்தொட்டிக்கு ஏற்றுகிறோம். குழாயைத் திறந்ததும் அது கீழே பாய்கிறது. அதனைப் போன்றதே இதுவும்.

தொட்டியின் உயரத்தை ஒத்தது வோல்ட். தொட்டியின் கொள்ளளவை ஒத்தது ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். அதுவே உண்மையான இருப்பு. ஒரு கணக்கைப் பார்ப்போம். 12 வோல்ட், 45 ஆம்பியர்-மணி கொண்ட கார் பேட்டரியின் இருப்பு 540 வாட்-மணி. அதில் பாதியை, அதாவது 270 வாட்-மணியை எடுப்பதோடு நிறுத்திக்கொள்வது நலம். அக்காலத்துச் சிறு தொலைக்காட்சிப் பெட்டி சுமார் 20 வாட் எடுக்கும் என்று கொண்டால், 13 மணி நேரம் பார்க்கலாம். நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால் நான்கு நாள்.

ஆனால் நடந்தது என்ன? படம் சுருங்கிச் சுருங்கி மறையும் வரை பார்த்துவிட்டு, பின்னும் இரண்டு நாள் கழித்தே பேட்டரியைக் கடைக்குக் கொண்டுசென்றனர் பலர். அவ்வாறு செய்த வீடுகளில் பேட்டரி ஓராண்டுகூட உழைக்கவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றனர் சிலர். உண்மையில் குறை கடையில் இல்லை. காரீயத் தகட்டின் இயல்பை அறியாததே காரணம். அந்த இயல்பை முதலில் காண்போம்.

காரீய அமில மின்கலம்

இது மின்கலங்களுள் மூத்தது. 1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளாந்தே இதனை உருவாக்கினார். மோட்டார் சைக்கிள், கார், லாரி, டிராக்டர் ஆகியவற்றில் இன்றும் பெரிதும் விளங்குவது இதுவே. மருந்து தெளிக்கும் பம்புகள் பலவற்றிலும் இதன் மூடிய வகை இருக்கிறது. கந்தக அமிலக் கரைசலில் காரீயத் தகடுகள் மூழ்கியிருக்கும். ஓர் அறை சுமார் 2 வோல்ட் தரும். ஆறு அறைகள் சேர்ந்து 12 வோல்ட் ஆகின்றன.

இதன் முதல் விதி: பட்டினி போடாதீர்கள். சக்தி தீரத் தீரத் தகடுகளின்மேல் காரீய சல்பேட்டு படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். தீர்ந்த நிலையில் நாள்கணக்காக விட்டுவைத்தால் கல்போல் இறுகி, மீண்டும் கரைய மறுக்கும். அத்தகைய பேட்டரி சார்ஜ் ஏற்றியவுடன் நிறைந்ததுபோல் தோன்றும், பயன்படுத்தியவுடன் தீர்ந்துபோகும். ஆகவே, பயன்படுத்திய அன்றே சார்ஜ் ஏற்றுங்கள். மழைக்காலத்தில் வெளியே எடுக்காத மோட்டார் சைக்கிளுக்கும், பருவம் முடிந்து மூலையில் வைத்த மருந்துப் பம்பிற்கும் மாதம் ஒருமுறை சார்ஜ் தேவை.

இருப்பை அறிய எளிய வழி உண்டு. சார்ஜ் ஏற்றிய பின் சில மணி நேரம் பேட்டரியை ஓய்வாக விட்டு, வோல்ட் அளக்கும் கருவியால் பாருங்கள். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12.0 என்றால் கால் பங்கே மிச்சம். 11.8க்குக் கீழே என்றால் பேட்டரி பட்டினியால் வாடுகிறது என்று பொருள்.

இரண்டாம் விதி: மெல்ல ஊட்டுங்கள். பேட்டரியின் ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் சார்ஜ் ஏற்றுவது நல்லது. 45 ஆம்பியர்-மணிக்கு 4.5 ஆம்பியர், மோட்டார் சைக்கிளின் 5 ஆம்பியர்-மணிப் பேட்டரிக்கு அரை ஆம்பியர் போதும். கார் பேட்டரிக்கான பெரிய சார்ஜரை மோட்டார் சைக்கிள் பேட்டரியில் மாட்டினால் அது கொதித்துக் கெடும். சார்ஜ் ஏறும்போது 12 வோல்ட் பேட்டரியின் முனைகளில் சுமார் 14.4 வோல்ட் வரை செல்லலாம். தொடர்ந்து இணைத்தே வைப்பதாயின் 13.8 வோல்ட்டைத் தாண்டலாகாது. நம் நாட்டு வெப்பத்தில் இந்த அளவுகளும் சற்றுக் குறைந்திருப்பதே நலம். 25 பாகை வெப்பத்திற்கு மேல் ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் இதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழில் அறிந்தோர் கணக்கு. எனவே, தகரக் கூரையின் கீழ் வெயில் காயும் இடத்தில் வைக்க வேண்டாம்.

மூன்றாம் விதி: தண்ணீர். மேலே மூடிகள் உள்ள பேட்டரியில் நீர்மட்டம் தகடுகளுக்குக் கீழே இறங்கக்கூடாது. கடையில் பேட்டரித் தண்ணீர் என்று விற்கும் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் உள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். அமிலத்தை ஊற்றவே கூடாது. ஏனெனில், ஆவியாகிப் போவது நீரே அன்றி அமிலம் அன்று. தகடுகள் மூழ்கியிருக்குமாயின் சார்ஜ் ஏற்றி முடித்த பின்பே குறைந்த நீரை நிரப்புங்கள். முன்பே விளிம்பு வரை நிரப்பினால் அமிலம் பொங்கி வழியும். மூடிய வகைப் பேட்டரியையோ திறக்கவே கூடாது.

நான்காம் விதி: காற்று. சார்ஜ் ஏறும்போது இப்பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒரு சிறு பொறி பட்டாலே வெடிக்கும். படுக்கை அறையிலோ அடுப்படியிலோ சாமி விளக்கின் அருகிலோ சார்ஜ் ஏற்றாதீர்கள். பேட்டரியின் பக்கத்தில் நின்று சுருட்டோ சிகரெட்டோ பிடிக்காதீர்கள். முதலில் இடுக்கிகளை முனைகளில் மாட்டிய பின்பே சார்ஜருக்கு மின்சாரம் கொடுங்கள். கழற்றும்போது முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

ஒரு வண்டியிலிருந்து மற்றொரு வண்டிக்கு மின்சாரம் எடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். சிவப்புக் கம்பியை முதலில் தீர்ந்த பேட்டரியின் நேர்முனையிலும், பின்பு நல்ல பேட்டரியின் நேர்முனையிலும் மாட்டுங்கள். கறுப்புக் கம்பியை நல்ல பேட்டரியின் எதிர்முனையில் மாட்டிவிட்டு, அதன் மறுமுனையைப் பழுதான வண்டியின் இஞ்சின் இரும்பில், பேட்டரிக்குத் தள்ளி மாட்டுங்கள். இறுதியில் எழும் பொறி வாயுவுக்கு எட்டாதிருக்கவே இம்முறை.

அமிலத்தைப் பற்றித் தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். பானப் போத்தலில் அமிலத்தை ஊற்றிவைக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால் இன்றே அதனை ஒழித்துவிடுங்கள். தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்குப் போத்தல்தான் தெரியும். உள்ளே இருப்பது தெரியாது. அமிலம் கண்ணில் பட்டால் உடனே ஓடும் குழாய் நீரில் இருபது நிமிடம் கழுவிக்கொண்டே இருந்து, பின்னர் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். வாயை நீரால் கொப்பளிக்கச் செய்து, நேரே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

நிக்கல் மின்கலங்கள்

அடுத்து, டார்ச்லைட், விளையாட்டுப் பொருள், சூரிய ஒளி விளக்கு ஆகியவற்றில் இருக்கும் விரல் போன்ற சிறு கலங்கள். இவற்றுள் மூத்தது நிக்கல்-காட்மியம். 1899ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு யுங்னர் கண்டது. இளையது நிக்கல்-உலோக ஹைட்ரைடு. 1989 அளவில் சந்தைக்கு வந்தது. இரண்டும் ஒரு கலத்திற்கு 1.2 வோல்ட் தருவன.

காட்மியக் கலத்திற்கு ஒரு பழக்கக் குற்றம் உண்டு. அன்றாடம் பாதி மட்டும் பயன்படுத்திப் பாதியிலேயே சார்ஜ் ஏற்றி வந்தால், அந்தப் பாதியோடு நின்றுவிடக் கற்றுக்கொள்கிறது. ஆதலால், அவ்வப்போது விளக்கு மங்கும் வரை பயன்படுத்திவிட்டுப் பின் முழுதாக ஏற்றுவது நல்லது. மங்கிய பின்னும் எரியவிட்டு முற்றிலும் வடித்துவிடக் கூடாது. பல கலங்கள் வரிசையாக இருக்கும்போது, பலங்குறைந்த கலம் தலைகீழாகச் சார்ஜ் ஏறிக் கெட்டுவிடும். ஹைட்ரைடு வகையில் இப்பழக்கக் குற்றம் மிகக் குறைவு.

சார்ஜ் ஏற்றும் நேரத்தைக் கணக்கிடுவோம். 2,000 மில்லி ஆம்பியர்-மணிக் கலத்தை 200 மில்லி ஆம்பியரில் ஏற்றினால் பத்து மணி நேரம் என்றுதானே கணக்கு வரும்? ஆனால் ஊட்டுவதில் ஒரு பகுதி வெப்பமாக வீணாவதால், 14 முதல் 16 மணி நேரம் வரை ஆகும். மலிவான சார்ஜருக்கு நிறுத்தத் தெரியாது. நாம்தான் நேரம் பார்த்துக் கழற்ற வேண்டும். நிறைந்ததும் தானே நிறுத்தும் சார்ஜருக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பது வீண் செலவன்று.

இக்கலங்கள் சும்மா இருந்தாலும் சிறிது சிறிதாக இருப்பை இழக்கும். 2005ஆம் ஆண்டு முதல் அவ்வாறு இழப்பது குறைந்த புதுவகைக் கலங்கள் கிடைக்கின்றன. எப்போதோ பயன்படும் டார்ச்லைட்டிற்கு அவையே ஏற்றவை.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். ஒன்று: மறுபடி சார்ஜ் ஏற்ற முடியாத சாதாரணக் கலங்களைச் சார்ஜரில் வைக்காதீர்கள், அவை கசியும், வெடிக்கவும் கூடும். இரண்டு: பழையதையும் புதியதையும், ஒரு வகையையும் வேறு வகையையும் ஒரே விளக்கில் கலக்காதீர்கள். மூன்று: சில சூரிய ஒளி விளக்குகளில் அதே விரல் வடிவில் 3.2 வோல்ட் லித்தியம் கலம் இருக்கிறது. உருவம் ஒன்று, உள்ளம் வேறு. அதனை நிக்கல் சார்ஜரில் வைத்தால் ஆபத்து. மாற்றுமுன் கலத்தின்மேல் எழுதியிருக்கும் வோல்ட்டைப் படித்துப் பாருங்கள். எழுதப் படிக்க இயலாத முதியோர் உள்ள வீட்டில் இந்தப் பணியைப் பள்ளிப் பிள்ளைகள் ஏற்கட்டும்.

லித்தியம் மின்கலம்

இன்றைய உலகை ஆள்வது லித்தியம் மின்கலம். 1991ஆம் ஆண்டில் ஜப்பானில் இது முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. இதற்கு அடிகோலிய குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கைத்தொலைபேசி, பவர் பேங்க், நெற்றி விளக்கு, மின்சார மோட்டார் சைக்கிள், செம்பனை ஓலை வெட்டும் புதுவகைக் கருவிகள் ஆகிய அனைத்திலும் இது புகுந்துவிட்டது. கம்போங் புக்கிட் பெலிம்பிங்கில் மின்மினி காட்டும் படகுகளைச் சத்தமும் புகையும் இன்றி ஓட்டுவதும் மின்கலமே. அந்த அளவிற்கு மின்கலம் நம் ஆற்றிலும் உழைக்கிறது.

லித்தியத்தின் இயல்பு காரீயத்திற்கு நேர் மாறானது. காரீயம் எப்போதும் நிறைந்திருக்க விரும்பும். லித்தியமோ நிறைந்தும் இராமல், தீர்ந்தும் இராமல், நடுவில் இருக்கவே விரும்பும். கைத்தொலைபேசியை இருபது விழுக்காட்டிற்குக் கீழே இறங்காமலும், இயன்றபோது எண்பது விழுக்காட்டோடு நிறுத்தியும் பயன்படுத்தினால் அதன் ஆயுள் நீளும். முழுக்கத் தீர்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்ற பழைய அறிவுரை காட்மியத்திற்கு உரியது, லித்தியத்திற்குப் பொருந்தாது. நீண்ட நாள் பயன்படுத்தாமல் வைப்பதாயின், பாதி சார்ஜோடு நிழலான இடத்தில் வையுங்கள்.

சாதாரண லித்தியம் கலம் நிறையும்போது 4.2 வோல்ட். இந்த எல்லையைச் சிறிது தாண்டினாலும் உள்ளே கேடு தொடங்கும். அளவு கடந்த வெப்பம் ஒரு கலத்தில் எழுந்தால், அது அடுத்த கலத்தையும் சுட்டு, நிறுத்த முடியாத தீயாக மூளும். ஆகவே, அதற்கென்று வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். சார்ஜரில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று முத்திரையற்றதை வாங்கிச் சேமிக்கும் சில வெள்ளிகள், வீட்டையே விலையாகக் கேட்கக்கூடும்.

நெற்றி விளக்கில் இருக்கும் கட்டை விரல் பருமனான லித்தியம் கலத்தைப் பற்றி ஒரு சொல். அந்த அளவுக் கலத்தில் உண்மையில் அடங்குவது சுமார் 3,500 மில்லி ஆம்பியர்-மணி. ஆனால் 9,900 என்று அச்சிட்டு விற்கப்படுவனவும் உண்டு. இல்லாததை எழுதி விற்பவர் உள்ளே என்ன வைத்திருப்பார் என்பதை நீங்களே சிந்தியுங்கள். விடியுமுன் காட்டிற்குள் இறங்கும் தொழிலாளிக்கு அந்த விளக்கே கண். பாம்பும் பள்ளமும் உள்ள பாதையில் அது பாதி வழியில் அணைந்தால் நேரும் துன்பத்தை நான் விளக்க வேண்டியதில்லை. மேலுறை கிழிந்த கலத்தைப் பயன்படுத்தாதீர்கள். தனிக் கலத்தைச் சாவியோடும் சில்லறையோடும் சட்டைப் பையில் போடாதீர்கள்.

பவர் பேங்க் வாங்குவோர்க்கும் ஒரு கணக்கு. 10,000 என்று எழுதிய பவர் பேங்க், 5,000 என்று எழுதிய தொலைபேசியை இரண்டு முறை நிரப்ப வேண்டுமல்லவா? நிரப்பாது. மின்னழுத்தத்தை மாற்றும்போது ஒரு பகுதி வெப்பமாக இழக்கப்படுகிறது. ஒன்றரை முறை நிரப்பினால் அது நேர்மையான பொருள் என்று கொள்ளலாம்.

தீயைத் தடுக்கும் வழி

லித்தியம் மின்கலத்திற்குச் சார்ஜ் ஏற்றும் இடத்தைப் பற்றி இனிச் சொல்வதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். தலையணைக்கு அடியிலோ மெத்தையின்மீதோ துணிக்குவியலின்மீதோ வைத்துச் சார்ஜ் ஏற்றாதீர்கள். வெப்பம் வெளியேற வழியில்லாமல் போகும். சிமெண்டுத் தரை, ஓடு பதித்த திண்ணை ஆகியவையே ஏற்ற இடங்கள். மின்சார மோட்டார் சைக்கிளையோ பெரிய கலத்தையோ வாசற்படியில் வைத்துச் சார்ஜ் ஏற்றாதீர்கள். தீ மூண்டால் வெளியே ஓட வேண்டிய வழியையே அது அடைத்துவிடும். எல்லாரும் உறங்கும் நேரத்தில் பெரிய கலங்களுக்குச் சார்ஜ் ஏற்றாதிருப்பது நன்று. ஒரே சாக்கெட்டில் நீட்டுக் கம்பி போட்டு ஐந்தாறு சார்ஜர்களை மாட்டும் வழக்கத்தையும் கைவிடுங்கள்.

மின்கலம் உப்பியிருக்கிறதா, தொட முடியாத அளவு சுடுகிறதா, இனிப்பு மணம் போன்ற ஏதோ ஒரு வாடை வருகிறதா? இவை மூன்றும் அபாய அறிவிப்புகள். உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். உப்பிய கலத்தை அழுத்தவோ குத்தவோ கூடாது. எரியும் பொருள் இல்லாத வெளியிடத்தில் வைத்துவிடுங்கள். தீயே பற்றிவிட்டால், முதலில் வீட்டிலுள்ளவர்களை வெளியேற்றுங்கள். இயன்றால் மின்சாரத்தைத் துண்டியுங்கள். 999 எண்ணை அழைத்துத் தீயணைப்புப் படையினரை வரவழையுங்கள். புகை நஞ்சானது, பொருளை மீட்க உள்ளே திரும்பிச் செல்லாதீர்கள். பொருளை மீண்டும் வாங்கிக்கொள்ளலாம்.

பொத்தான் வடிவக் கலங்களும் குழந்தைகளுக்கு எமன். ஒன்றை விழுங்கிவிட்டதாக ஐயம் எழுந்தாலே போதும். காலை வரை காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சில மணி நேரத்திலேயே அது உணவுக் குழாயை அரித்துவிடும்.

பழைய மின்கலத்தை என் செய்வது?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் பழமொழி. மின்கலத்தையோ அளந்தும் ஆற்றில் போடலாகாது. காரீயமும் காட்மியமும் கொடிய நஞ்சுகள். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தடுக்கிறது. தூண்டில் ஈயம் வார்ப்பதற்காகப் பழைய பேட்டரியை உடைத்து வீட்டில் உருக்குவது, அந்த நஞ்சைப் புகையாகப் பிள்ளைகளுக்கு ஊட்டுவதற்கு ஒப்பாகும்.

2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகள் காரீய அமிலப் பேட்டரிகளை ஒரு வகையிலும், காட்மியம், நிக்கல், லித்தியம் கொண்டவற்றை மற்றொரு வகையிலும் அபாயக் கழிவுகளாகச் சேர்த்துள்ளன. கார், மோட்டார் சைக்கிள் பேட்டரிகளைப் புதியது வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். பழைய காரீயத்திற்கு விலையும் உண்டு. சிறு கலங்களைக் குப்பையில் எறியாமலும், நெருப்பில் இடாமலும், முனைகளில் பசைநாடா ஒட்டிச் சேர்த்துவைத்து, மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடங்களில் ஒப்படையுங்கள்.

தோட்டத்துக் கால்வாயில் எறிவது எங்கே போகிறது? கால்வாயிலிருந்து சிற்றாற்றிற்கு; அங்கிருந்து சிலாங்கூர் ஆற்றிற்கு. கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி மக்கள் அந்த ஆற்று நீரையே குடிக்கின்றனர். அதன் கரையில்தான் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒளிர்கின்றன. பட்டணத்திற்கு வேலை தேடிப்போன நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் குடிக்கும் நீர் அது என்பதை மறவாதீர்கள்.

சுருங்கச் சொன்னால்

ஆசிரியர் பாடத்தை முடிக்குமுன் சுருக்கம் கூறுவது வழக்கம். காரீயக் கலத்தை எப்போதும் நிறைத்து வையுங்கள். நிக்கல் கலத்தை நேரம் பார்த்துக் கழற்றுங்கள். லித்தியம் கலத்தை நடுநிலையிலும் குளிர்ச்சியிலும் வையுங்கள். எதற்கு எந்தச் சார்ஜரோ அதனையே பயன்படுத்துங்கள். சார்ஜ் ஏற்றும் இடத்தில் காற்று இருக்கட்டும். துணியும் தீயும் குழந்தையும் இல்லாதிருக்கட்டும். பழையதைக் கடையிலோ சேகரிப்பு இடத்திலோ ஒப்படையுங்கள்.

இன்றிரவு ஒரு சிறு வேலை செய்யுங்கள். பிள்ளைகளை அழைத்து, வீட்டிலுள்ள மின்கலங்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். எந்த வகை, எத்தனை வோல்ட், எந்தச் சார்ஜர், என்று வாங்கியது என்று நான்கு பத்திகள் போதும். அந்தத் தாளைச் சார்ஜ் ஏற்றும் இடத்திற்கு மேலே சுவரில் ஒட்டிவையுங்கள். பிள்ளைகளுக்கு அது அறிவியல் பாடம், பெரியவர்களுக்குச் சிக்கனம், குடும்பத்திற்குப் பாதுகாப்பு.

மிதிவண்டியில் பேட்டரியைக் கட்டிக்கொண்டு பட்டணம் சென்று வந்த தலைமுறை, ஒவ்வொரு மணி நேர வெளிச்சத்தின் விலையையும் அறிந்திருந்தது. சுவரில் விசையைத் தட்டியதும் மின்சாரம் பெறும் இன்றைய தலைமுறையும் அந்த மதிப்பை அறிந்து நடக்குமாயின், நம் இல்லங்களில் ஒளி இருக்கும். அந்த ஒளியால் தீங்கு இராது.